பிஎச்டி சேரும் முன் கேளுங்கள்: சாம்பிள் எங்கிருந்து வரும்?

ஒளியை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் சேரலாமா என்று அடிக்கடி யாராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் எம்எஸ்சி இயற்பியல் முடித்த பிள்ளைகள். குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, வாணியம்பாடி என்று எல்லாம் நம்ம பக்கத்துக்காரர்கள். எந்த லேசர் நல்லது, பைத்தான் கட்டாயமா, எந்த ஜர்னலில் போட்டால் வேலை கிடைக்கும் என்றுதான் பேச்சு போகும். சாம்பிள், அதாவது அளக்க வேண்டிய நோயாளியின் திசு, எங்கிருந்து வரும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் சேர்ந்தபோதும் அப்படி ஒரு கேள்வி உண்டு என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் போனது ஏறக்குறைய மூன்று வருடம். கைப்பணத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அம்மா பீடி சுற்றித்தான் என்னை எம்எஸ்சி வரை படிக்க வைத்தார். எங்கள் பக்கத்தில் வெற்றிலை, புகையிலை போடாத கிழவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கன்னத்துக்குள் புண் வந்து, ஆறாமல், கடைசியில் வேலூருக்கு ஓடி, அதற்குள் முற்றிப்போன கதை தெருவுக்கு ஒன்று உண்டு. வாயைத் திறந்தால் தெரிகிற இடத்தில் வரும் நோய், ஆனாலும் தாமதமாகத்தான் பிடிபடுகிறது. பயாப்ஸி என்று சிறு துண்டு திசு வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நோயியல் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல நாளாகும். அதே திசுவின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் படித்தே சொல்லிவிட முடியுமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. ராபர்ட் ஆல்ஃபானோ குழு நியூயார்க்கில் 1984-லேயே புற்றுத் திசுவும் நல்ல திசுவும் வேறு வேறு விதமாக ஒளிர்வதைக் காட்டிவிட்டது. ராமன் சிதறல் அதைவிட நுட்பமானது. திசுவில் பட்டுச் சிதறும் ஒளித்துகள்களில் சுமார் ஒரு கோடியில் ஒன்றுதான் அலைநீளம் மாறி வரும், அந்த ஒன்றில்தான் மூலக்கூறின் அடையாளம் இருக்கிறது. சி.வி.ராமன் இதைக் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28-ஐத்தான் அறிவியல் நாள் என்று நம் கல்லூரிகளில் ரங்கோலி போட்டுக் கொண்டாடுகிறோம். அந்தக் கூட்டத்தில் இந்தச் சிதறலை அளக்கும் ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

சேர்ந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கைடு நல்ல மனிதர், லேசர் ஆள். அவருக்குத் தெரிந்த ஒரு வாய் அறுவை மருத்துவர் வேலூரில் இருந்தார். முதல் சந்திப்பிலேயே, "சாம்பிள்தானேம்மா, அது ஒரு பிரச்சினையே இல்ல. வாரா வாரம் வருது, குப்பைக்குத்தான் போவுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் என் ஆராய்ச்சித் திட்டமே எழுதப்பட்டது, டாக்டரல் கமிட்டியும் அதைத்தான் ஏற்றுக்கொண்டது. அனுமதி வேலை பாதியில் இருக்கும்போதே அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் கோபமில்லை, மருத்துவர்கள் வேலை மாறுவது சகஜம். ஆனால் அவரோடு சேர்ந்து என் திட்டமும் பஸ் ஏறிவிட்டது. புதிதாக வந்தவருக்கு இதில் ஆர்வம் இல்லை. "ஏற்கெனவே ஆபரேஷன் தியேட்டர்ல நேரம் போதல, இதுல தனியா கட் பண்ணி, பேரு ஒட்டி, உங்களுக்கு எடுத்து வைக்கணுமா?" என்று நேராகவே கேட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஆகவே முதல் யோசனை இதுதான். மருத்துவர் வாயால் சொன்ன சம்மதத்தை வைத்துச் சேராதீர்கள். துறைத் தலைவர் கையெழுத்தில் கடிதம் வேண்டும், தனி ஆள் போனாலும் துறை அங்கேயே இருக்கும். மருத்துவரை கோ-கைடாகப் பதிவு செய்ய உங்கள் பல்கலைக்கழக விதி இடம் கொடுக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். வெறும் நன்றியுரையில் பெயர் போடுகிறேன் என்றால் யாரும் இரவு எட்டு மணிக்கு உங்களுக்காகத் திசு எடுத்து வைக்க மாட்டார்கள். கட்டுரையில் அவர் பெயர் எத்தனாவதாக வரும் என்பதையும் கூச்சப்படாமல் அப்போதே பேசிவிடுங்கள். முடிந்தால் லேபும் மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் இடத்தில் சேருங்கள். நவி மும்பை கார்கரில் டாட்டா மெமோரியலின் ஆக்ட்ரெக் மையம் இருக்கிறது, வாய்ப் புற்றுநோயில் ராமன் ஆய்வு நெடுங்காலம் நடந்த இடம். மணிப்பாலில் இயற்பியல் ஆட்களும் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில். தூரம்தான், ஆனால் அங்கே இருப்பவர்கள் சாம்பிளுக்காக வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி, ஆராய்ச்சியில் நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு. இயற்பியல் துறையில் இந்தப் பெயரைக் கேட்டவர்களே குறைவு. மனிதத் திசுவைத் தொடுகிற எந்த ஆராய்ச்சிக்கும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அனுமதி வேண்டும். அது முன்கூட்டியே வேண்டும், அளந்து முடித்த பிறகு பின்தேதியில் வாங்க வழியே கிடையாது. எனக்கு இரண்டு இடத்தில் தேவைப்பட்டது, மருத்துவமனையில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று. இரண்டும் எப்போதாவதுதான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் தடவை என் விண்ணப்பம் திரும்பி வந்தது. லேசர் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, நோயாளிக்கு என்ன ஆகும் என்பது எங்கே என்று கேட்டிருந்தார்கள். உண்மையில் நல்ல கேள்விதான். அறுவையில் எடுத்த திசுவைத்தான் அளக்கிறேன், நோயாளி உடம்பில் லேசர் படாது என்று முதல் பக்கத்திலேயே நாலு வரியில் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பழைய விண்ணப்பம் ஒன்றை மாதிரிக்குக் காட்டக்கூட யாரிடமும் இல்லை. நீங்கள் மருத்துவக் கல்லூரி மாணவர் யாரிடமாவது அனுமதி கிடைத்த விண்ணப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று: நோயறிதல் முடிந்து மீந்திருக்கும், பெயர் நீக்கப்பட்ட திசுவுக்குத் தனித்தனிச் சம்மதத்திலிருந்து விலக்குத் தர கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

சம்மதப் படிவம் தனிக் கதை. வேலூரில் எந்தப் பெரிய மருத்துவமனை வரிசையில் நின்றாலும் சித்தூர், பலமநேர்த் தெலுங்கு, மேல்விஷாரம் உருது, வங்காளம், இந்தி எல்லாம் காதில் விழும். புரியாத மொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமே ஆகாது. தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டும் ஒத்துப்போகிறதென்று காட்ட வேண்டியிருந்தது. செலவு என்னுடையது. படிவத்தை வாசித்துக் காட்டும்போது ஒரு பாட்டி, "இன்னாம்மா, கரண்டு வெப்பியா?" என்றார். இல்லை பாட்டி, உங்களுக்கு ஒன்றும் செய்ய மாட்டோம், ஆபரேஷனில் எடுத்ததில் துளி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம் என்றேன். "அத்த பாத்து எனக்கு நல்லாய்டுமா?" அதற்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை என்ற வரி படிவத்திலேயே இருக்கிறது. அதை ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எம்எஸ்சியில் யாரும் பழக்கவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ குடியாத்தமா? பேச்ச பாத்தா தெர்யுது" என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினார். கைநாட்டு வைத்தால் பக்கத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாத படிவங்கள் பிறகு தணிக்கையில் தள்ளுபடியாகின.

ஒருவழியாகத் திசு வந்தது. எப்படி வந்தது? மெழுகுக் கட்டியாக. நோயியல் துறையில் திசு என்றால் ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்த கட்டிதான், அவர்கள் வழக்கம் அது. மெழுகுக்கு ராமன் நிறமாலையில், அதாவது சிதறிய ஒளியைப் பிரித்துப் போட்ட வரைபடத்தில், 1063, 1133, 1296, 1441 அலை எண்களில் கூர்மையான பீக்குகள் (முகடுகள்) உண்டு. என் திசுவின் கொழுப்பு, புரதப் பீக்குகள் எல்லாம் அதன் அடியில் போய்விட்டன. சைலீன் என்ற கரைப்பானில் கழுவினால் மெழுகு போய்விடும் என்றார்கள். சாயம் ஏற்றிப் பார்க்கிற அளவுக்குப் போகும், ராமன் கண்ணுக்குத் தப்பும் அளவுக்குப் போகாது. கழுவக் கழுவத் திசுவின் சொந்தக் கொழுப்பும் சேர்ந்து போகிறது. மாதக்கணக்கில் அந்த மெழுகோடு மல்லுக்கட்டிய பிறகுதான் உறைய வைத்த திசு வேண்டும் என்று முடிவானது. அதற்குத் திரவ நைட்ரஜன், மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு தட்டு, உலர் பனிக்கட்டி, மூன்றடுக்கு உறை. ஃப்ரீசரில் இடம் கேட்பது வாடகை வீடு தேடுவதைவிடக் கஷ்டம். எல்லாத் தட்டிலும் பத்து வருடத்துக்கு முன் படித்துப் போனவர்களின் பெட்டிகள், திறக்கவும் ஆள் இல்லை, எறியவும் ஆள் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பயாப்ஸித் துண்டு அரிசி மணி அளவுதான் இருக்கும், முழுவதும் நோயறிதலுக்கே போய்விடும். அதில் ஆராய்ச்சிக்குக் கேட்கவும் கூடாது. மீதி கிடைப்பது பெரிய அறுவையில் வெட்டி எடுத்ததில்தான், அதாவது முற்றிய புற்றில்தான். ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கிறோம் என்று தலைப்பு வைத்துக்கொண்டு, கடைசி நிலைத் திசுவை அளந்துகொண்டிருந்தேன். இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் கணிசமானவை இப்படித்தான் என்பது பின்னால் புரிந்தது. ஒப்பிட நல்ல திசு வேண்டுமே, அதற்கும் திண்டாட்டம்தான். புற்றுக்குப் பக்கத்துத் திசுவை நல்லது என்று எடுக்கலாமா என்றால், ஸ்லாட்டர் என்பவர் 1953-லேயே சொல்லிவிட்டார், வாயில் புற்று வந்தவருக்குச் சுற்றியுள்ள இடமும் மாறத் தொடங்கியிருக்கும். ஞானப்பல் எடுக்கும்போது கிடைக்கும் ஈறுத் திசுவை எடுக்கலாமா என்றால், ஈறு நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின் புரதத்தால் கெட்டியானது, கன்னத்தின் உள்தோல் அப்படி இல்லை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டுப் புற்றைப் பிரித்தேன் என்று சொன்னால் ஜர்னலுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் ரிவ்யூவர் விட மாட்டார். எந்த இடத்துப் புற்றோ அந்த இடத்து நல்ல திசு, ஏறக்குறைய அதே வயது, அதே புகையிலைப் பழக்கம் என்று பொருத்தம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. இதைத் திட்டம் எழுதும்போதே ஒரு நோயியல் மருத்துவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையில் இருந்தது 532 நானோமீட்டர் பச்சை லேசர், பொருளறிவியல் ஆட்களுக்காக வாங்கியது. அதை வெற்றிலைக் கறை படிந்த திசுவில் பாய்ச்சினால் ஒளிர்வு மட்டும் மலை மாதிரி எழும், ராமன் பீக் ஒன்றும் தெரியாது. 785 நானோமீட்டர் வேண்டும். புதிதாக வாங்கினால் கோடி ரூபாய்க்கு மேல் போகிற சாமான், பர்சேஸ் கமிட்டி வாசலுக்குக்கூடப் போகாது. அதனால் சென்னையில் ஒரு நிறுவனத்தில் மணிக்கணக்கில் கட்டணம் கட்டி ஸ்லாட் எடுத்தேன். விடியற்காலை காட்பாடியில் ரயில் ஏறி, பெட்டியோடு போய், இரவு திரும்புவேன். ஸ்லாட் இருக்கும் நாளில் திசு இருக்காது, திசு வரும் நாளில் ஸ்லாட் இருக்காது. ஒரு நாள் போய் நின்றால் லேசர் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார்கள், முன்பணம் அடுத்த ஸ்லாட்டில் கழித்துக்கொள்ளப்படும் என்றும் சொன்னார்கள். கழிக்கவே இல்லை. நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று பார்க்க ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளம் இருக்கிறது, சேர்வதற்கு முன்பே அதில் தேடுங்கள். வாசகத்தில் ராமன் என்று இருந்தால் போதாது. என்ன லேசர், மைக்ரோஸ்கோப்போடு இணைந்ததா, உயிரியல் திசுவை உள்ளே விடுவார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். மனிதத் திசு என்றதும் பல லேபுகள் கதவைச் சாத்திவிடும்.

ஸ்லைடு பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சாதாரணக் கண்ணாடி ஸ்லைடு 785 லேசருக்குத் தானே ஒரு அகலமான மேடு போட்டுவிடும், சரியாக நமக்குத் தேவையான இடத்தில். எல்லாக் கட்டுரையிலும் கால்சியம் ஃப்ளோரைடு ஸ்லைடு என்று போட்டிருக்கும், படித்துவிட்டு நானும் வாங்கினேன். ஒன்றின் விலை சில ஆயிரம், கை தவறினால் உடையும், கழுவும்போது கீறல் விழும். துறையில் பணம் வரத் தாமதமாகும் என்று கைக்காசு போட்டு வாங்கியதில் 30,000 ரூபாய் பக்கம் போனது. ஜிஎஸ்டி பில்லில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் என் பெயர் இருந்ததால் அந்தப் பணம் கடைசி வரை திரும்பவில்லை. பிறகு ஒரு சீனியர் அக்கா சொன்னார்: கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தேய்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போதும். ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்லைடு அளவுக்கு வெட்டித் தந்தார்கள், டீ செலவோடு முடிந்தது. அவசரத்துக்குச் சமையலறை அலுமினிய ஃபாயிலைச் சாதாரண ஸ்லைடில் சுற்றினாலும் வேலை ஆகும். திசுவை உப்புநீரில் நன்றாக அலசுங்கள். ரத்தம் ஒட்டியிருந்தால் ஹீமோகுளோபின் பீக்குகள் எழும், புற்றுத் திசுவில் ரத்தம் அதிகம், கடைசியில் நிறமாலையைப் பார்த்துப் பிரிக்கக் கற்பிக்கிற உங்கள் கணினி புற்றுக்குப் பதில் ரத்தத்தைக் கற்றுக்கொள்ளும்.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றால் அறை சூடேறி ஸ்பெக்ட்ரோமீட்டர் கொஞ்சம் நகர்ந்துவிடும். தினமும் காலையிலும் ஒவ்வொரு சாம்பிளுக்கு நடுவிலும் சிலிக்கான் துண்டை வைத்து அதன் பீக் 520.5 அலை எண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி பழக வேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அதன் ஒளியும் உள்ளே நுழைந்து கூரான கோடு போடும், புதிய புற்றுநோய்க் குறியீடு கிடைத்துவிட்டதென்று ஒரு ஜூனியர் துள்ளிக் குதித்து, சுவிட்சை அணைத்ததும் அது மறைந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கேயோ விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கூட டிடெக்டரில் பட்டு ஒற்றை ஊசி மாதிரி எழும்பும். ஒரே இடத்தை இரண்டு தடவை அளந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். புற்றை ஒரு மாதமும் நல்ல திசுவை வேறொரு மாதமும் அளக்காதீர்கள், ஒரே நாளில் இரண்டையும் கலந்து அளங்கள். சாம்பிள் வருகிற வரிசையில் அளந்தால் தானாகவே பிரிந்துதான் வரும், அதனால்தான் சேர்த்து வைக்க ஃப்ரீசர் தேவை.

கணக்குப் பகுதியில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. லேபில் தலைமுறையாக வந்த ஒரு கணினி நிரல் இருந்தது, நிறமாலைகளை எல்லாம் கலக்கி, பாதியில் கற்பித்து மீதியில் சோதிக்கும். 97 சதவீதம் துல்லியம் என்று காட்டியது. ஒரு நோயாளியிடமிருந்து ஐம்பது இடத்தில் அளந்திருப்போம், அவற்றில் சில கற்பிக்கிற பக்கமும் சில சோதிக்கிற பக்கமும் போய்விடும். கணினி புற்றைக் கண்டுபிடிக்கவில்லை, அந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டது. முதல் கட்டுரையின் ரிவ்யூவர் இதைத்தான் கேட்டார்: நோயாளி வாரியாகப் பிரித்தீர்களா? பிரித்து ஓட்டியதும் எண்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. கைடிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் லேபுக்கே போகவில்லை. அவர் பார்த்துவிட்டு, "இதுதாம்மா நிஜம், இதையே போடு" என்றார். அந்த எண்ணோடுதான் கட்டுரை வந்தது. சேர விரும்பும் லேபின் பழைய கட்டுரைகளை எடுத்து, எத்தனை நோயாளிகள், நோயாளி வாரியாகப் பிரித்தார்களா என்று மட்டும் பாருங்கள். ஆயிரம் நிறமாலை என்று எழுதிவிட்டு நோயாளி எண்ணிக்கையைத் தேடித் தேடிப் பார்க்க வைத்தால் யோசியுங்கள்.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எனக்கு அது கிடையாது. பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைதான், அதில் பாதிக்கும் குறைவு. அதுவும் சில மாதம் வராது, பிறகு மொத்தமாக வரும், நடுவில் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பும். உதவித்தொகைக்குக் காலக்கெடு உண்டு, அனுமதிக்கு அலைந்த மாதங்களும் அதில்தான் கழியும். கடைசி இரண்டு வருடம் காசே இல்லாமல் மாலையில் டியூஷன் எடுத்துத்தான் ஓட்டினேன். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையில் பிஎச்டிக்கு அதிகபட்சம் 6 ஆண்டு, அதற்கு மேல் மறுபதிவு, பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு சலுகை. காலத்துக்குச் சலுகை உண்டு, பணத்துக்கு இல்லை. ஆகவே சேரும் முன் முடிந்த மட்டும் ஜேஆர்எஃப் எழுதிப் பாருங்கள். இல்லாவிட்டால், மருத்துவமனைத் திசு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், அனுமதி அதிகம் தேவைப்படாத ஒரு சின்ன வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஆட்டு நாக்கை வைத்தே லேசர் ஆழம், ஸ்லைடு, கழுவும் முறை எல்லாவற்றையும் சரிபார்த்து ஒரு கட்டுரை எழுதலாம். நான் நாலாவது வருடத்தில் கற்றுக்கொண்டது இது.

பட்டம் வாங்கிய பிறகு ஆரம்பித்த தொல்லையை நான் எதிர்பார்க்கவே இல்லை. இயற்பியல் துறை நேர்காணலில், "நீங்க கேன்சர் பண்ணியிருக்கீங்க, எங்க பசங்களுக்கு குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுப்பீங்களா?" என்றார்கள். உயிர்தொழில்நுட்பத் துறையில், "எம்எஸ்சி இயற்பியலா? அப்ப முடியாதே" என்றார்கள். இரண்டு துறையும் சேர்ந்த ஆராய்ச்சிதான் எதிர்காலம் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள், ஆள் எடுக்கும்போது படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பிஎச்டிக்குப் பிறகான போஸ்ட்டாக் ஆராய்ச்சிப் பக்கம் போகலாம், ஆனால் அரசின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையில் பொதுப் பிரிவுக்கு 35 வயது வரம்பு, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு. சாம்பிளுக்காக வீணான வருடங்கள் இங்கேதான் இடிக்கும். மைக்ரோஸ்கோப், ஸ்பெக்ட்ரோமீட்டர் விற்கும் நிறுவனங்களில் கருவியை வாங்குபவர்களுக்கு இயக்கிக் காட்டும் அப்ளிகேஷன் சயின்டிஸ்ட் வேலை இருக்கிறது, சம்பளம் மோசமில்லை, ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். என்னோடு படித்த ஒருவன் அதில் சந்தோஷமாக இருக்கிறான்.

எனக்கு ஆசிரியர் வேலைதான் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு காகிதத்தில் போய் முட்டியது. என் பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் இயற்பியல் என்று இல்லாமல், பல்கலைக்கழகத்தில் பல துறைகள் சேர்ந்த, நான் சேர்ந்த புலத்தின் (ஸ்கூல்) கூட்டுப் பெயராக அச்சாகியிருந்தது. ஒரு கல்லூரி, இது இயற்பியலுக்கு இணையானது என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி வா என்றது. பல்கலைக்கழகம், உங்கள் கைடு பரிந்துரைக்க வேண்டும் என்றது. கைடு அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். கடிதம் கைக்கு வருவதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். ஆகவே சேரும் அன்றே அலுவலகத்தில் கேளுங்கள், சான்றிதழில் எந்தப் பாடம் என்று அச்சாகும் என்று. பதிவு உங்கள் எம்எஸ்சி பாடத்திலேயே இருக்கட்டும், மருத்துவப் பகுதி ஆய்வுத் தலைப்பில் வரட்டும். நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வை இயற்பியலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்டி இருந்தாலும் அந்தச் சான்றிதழ் உங்களை ஒரு கட்டத்துக்குள் உட்கார வைக்கும். இப்போது ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பிஎஸ்சிக்கு ஒளியியல் எடுக்கிறேன். நான் வாங்கி வைத்த இணைத்தன்மைக் கடிதத்தின் வாசகத்தை, இதே சிக்கலில் இருக்கும் பிள்ளைகள் கேட்டால் அனுப்புகிறேன், அப்படியே எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் சீக்கிரம் நகர்கிறது.